மூடியின் மேல் மூன்று பொட்டு

என் தங்கை மகள் மாலதி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புதிதாகச் செய்கிற சாமானைச் சந்தைக்கு அனுப்பும் முன் நாலு பேர் கையில் கொடுத்து, அவர்கள் அதை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வேலையாம். போன பொங்கலுக்கு வந்தவள், "பெரியம்மா, நீங்க அந்தக் கடையில என்னதான் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வாயைப் பிளந்துவிட்டாள். "எங்ககிட்ட புதுசா ஆறு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்க படிக்கற மாதிரி நல்ல அனுபவமா நாலு எழுதிக் குடுங்களேன்" என்றாள். நல்ல அனுபவத்தை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். எனக்கு எண்பத்தெட்டு வயது. இனி யாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும்? நான் பட்டதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்தேன். மூலக்குளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அப்பாவுக்கு என்னைப் படிக்க வைக்க ஆசை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துப் பரீட்சை தேறி முடிக்கவும், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊரே முழிக்கவும் சரியாக இருந்தது. இரண்டு வருஷம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், சைக்கிள் கற்றுக்கொண்டேன், இரண்டிலும் விழுந்து எழுந்தேன். அதுதான் என் பயிற்சிக் காலம். மற்றதெல்லாம் கடையில் கற்றது.

கடை, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கம் ஒரு தெருமுனையில் இருந்தது. கடிகாரம், விளக்கு, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி என்று கப்பலில் வரும் சாமான்களுக்குப் பேர் போன கடை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆள் வந்து வாங்கிப் போவார்கள். கொடி மாறியதும் கப்பல் சாமான் நின்றது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெட்டி பெட்டியாக வேறு சாமான்கள் வந்து இறங்கின. எது உழைக்கும், எது ஊத்திக்கொள்ளும் என்று ஒருவருக்கும் தெரியாது. வாங்கிப் போனவன் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்துக் கத்துவான்.

கடைக்குச் சொந்தக்காரர் முசே சவரிநாதன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. சைகோனில் இருபது வருஷம் கப்பல் கம்பெனியில் சரக்குப் பார்த்துவிட்டுத் திரும்பினவர். வெள்ளை டிரில் கால்சட்டை, காலுறை இல்லாத பூட்ஸ், சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீள ஊசி. பிரெஞ்சுச் சாமான் உசத்தி, நம் ஊர்ச் சாமான் மட்டம் என்று பேசுகிறவர் இல்லை. இரண்டையும் ஒரே அளவுக்குச் சந்தேகப்பட்டார். புதிய சாமான் வந்தால் பெட்டிக்குள் இருக்கும் விளக்கப் புத்தகத்தை முதலில் எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். பிறகு சாமானை மேசை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடப்பார். நின்று, கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடும் பிரெஞ்சு மரியாதையில் என்னைக் கேட்பார்: "மத்மசேல், உங்க அம்மா இதை முதல்ல எந்த இடத்துல தொடுவாங்க?"

நான் யோசித்துக் காட்டுவேன். ஒரு தடவைகூட என் பதிலை அவர் அப்படியே ஒத்துக்கொண்டதில்லை. "யோசிச்சு சொல்றே. உங்க அம்மா யோசிக்க மாட்டாங்க, தொடுவாங்க" என்பார்.

அதற்காகத்தான் எஸ்ஸே. பிரெஞ்சில் சோதனை பார்ப்பதற்கு அந்தப் பேர். கடை முழுக்க அப்படித்தான் சொல்வோம். புதுச் சாமானில் மூன்றை எடுத்து மூன்று வீடுகளில் இருபத்தொரு நாள் விட்டுவைப்போம். வாய்க்காலுக்குக் கிழக்கே ஓர் உத்தியோகஸ்தர் வீடு, முதலியார்பேட்டையில் ஒரு வீடு, கடலோரக் குப்பத்தில் ஒரு வீடு. மூன்றிலும் பிழைத்து வந்த சாமானைத்தான் கடையில் அடுக்குவார். வீடு வீடாகச் சாமானைக் கொண்டுபோய் வைத்து, முதல் நாள், ஐந்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், கடைசி நாள் என்று போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. சைக்கிள் கேரியரில் ஒரு தையல் மெஷின் தலையைக் கட்டிக்கொண்டு பெண்பிள்ளை போவதை வேடிக்கை பார்க்க அந்தக் காலத்தில் பஞ்சமே இல்லாமல் ஆள் கிடைத்தது. "மூலக்குளத்துப் பொண்ணு கடையை முதுகுல கட்டிக்கினு போவுது" என்பார்கள்.

முசே இரண்டு சட்டம் வைத்திருந்தார். 'நன்றாக இருக்கிறதா' என்று எந்த வீட்டிலும் கேட்கக் கூடாது. "நம்ம ஊர்ல வூட்டுக்கு வந்தவங்ககிட்ட யாரும் நல்லா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. நேத்து இன்னா சமைச்சீங்கன்னு கேளு. அதுல தெரிஞ்சிரும்." இது முதல் சட்டம். இரண்டாவது, சொல்லிக் கொடுக்கக் கூடாது. விற்பனை அன்று கடைப்பையன் அவசரமாக என்ன சொல்வானோ அந்த இரண்டு வார்த்தைதான் நானும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவர்கள் தலைகீழாகப் பிடித்தாலும் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். "சரியா எப்படிப் பிடிக்கறதுன்னு செஞ்சவன் பார்த்துட்டான். தப்பா எப்படிப் பிடிப்பாங்கன்னுதான் நாம பார்க்கணும். நீ வாயைத் திறந்தா அது எஸ்ஸே இல்லே, பாடம்."

அந்தச் சட்டத்தால் நாங்கள் தெரிந்துகொண்டது கொஞ்சமில்லை. குப்பத்தில் ஓர் அலாரம் கடிகாரம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் போனால் கடிகாரத்தைக் காணோம். "எங்க அது?" என்றேன். வீட்டுக்காரி அரிசிப் பானையைத் திறந்து, பழந்துணியில் சுற்றியிருந்ததை எடுத்தாள். "விடியக்காலம் அழுவுதும்மா. கடலுக்குப் போற நேரத்துல வூட்டுல அழுகை சத்தம் கேக்கலாமா? அதான் தூங்க வெச்சிருக்கேன்" என்றாள். முசே அதை வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னார். குப்பத்துக்காரர்களுக்குக் கடிகாரம் விற்கும்போது மணியோசை இல்லாததாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அதே குப்பத்தில் ஒரு டார்ச் லைட் பதினோரு நாளில் துருப்பிடித்து உதிர்ந்தது. கிழக்கே உத்தியோகஸ்தர் வீட்டில் கொடுத்த டார்ச் பளபளவென்று இருந்தது. அங்கே அதை அலமாரியைவிட்டு எடுக்கவே இல்லை. முசேயின் சட்டத்தை அப்போது நான் வேதமாக நம்பினேன்.

அறுபதிலோ அறுபத்தொன்றிலோ, பிரஷர் குக்கர் வந்தது. சென்னை ஏஜென்ட் ஒருவர் மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். எஸ்ஸேயில் தேறினால் புதுச்சேரி முழுவதற்கும் எங்கள் கடைக்கே விற்கும் உரிமை என்றார். முசேவுக்கு அது பெரிய விஷயம். கப்பல் சாமான் நின்றதிலிருந்து கடை நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

முதலியார்பேட்டைக்குத் தனபாக்கியம் அக்காவின் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் செத்து நாலு வருஷம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மில் ஆட்கள் பதினாலு பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து, பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன் கேட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தத் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர்; குழாயில் பிடிக்கிற ஒரு குடம் குடிக்கத்தான் ஆகும். துவரம்பருப்பு இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டே இருக்கும். ஒரு குக்கர் நிஜமாகவே உழைக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல வீடு கிடையாது என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

ஒரு வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். "தண்ணி ஊத்தி மூடுங்க, மேல குண்டைப் போடுங்க, சத்தம் வந்ததும் இறக்குங்க" என்று கடைப்பையன் பேச்சு பேசிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் மரத்தூள் அடுப்பில் ஏற்றினாள். குண்டு ஆடிச் சீறியதும் இரண்டடி பின்னால் போய், "ஏம்மா, உள்ள எதாவது மாட்டிக்கிச்சா?" என்றாள். மூடியைத் திறந்து பார்த்தபோது பருப்பு மெழுகாகக் குழைந்திருந்தது. கரண்டியால் எடுத்து விட்டாள், மறுபடி எடுத்து விட்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

திங்கட்கிழமை, ஐந்தாம் நாள். காலை பத்து மணிக்குப் போனேன். அந்த நேரத்தில் அவளைப் புகைக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தலை வாரி, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பதினாலு தூக்கும் கட்டித் தயாராக வரிசையாக இருந்தன. "பத்து மணிக்கு நான் உக்காந்து நீ பார்த்திருக்கியா? நானே பார்த்ததில்ல" என்று சிரித்தாள். பிறகு எழுந்து மாடத்திலிருந்து குக்கரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

மூடியின் மேல் மூன்று பொட்டு. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். ஒன்று கைப்பிடியில். ஒன்று மூடியில் இருந்த சின்னப் பித்தளைப் பொத்தான் மேல். ஒன்று குண்டு உட்காரும் நடுக்குழாயின் வாயிலேயே. வெள்ளிக்கிழமை வைத்தது. சூட்டில் காய்ந்து சுண்ணாம்புக் காரை போலப் பிடித்திருந்தது.

"வூட்டுக்கு வந்த லட்சுமி. பொட்டு வெக்காம இருக்கலாமா? வெக்கறதுக்கு வூட்டுல வேற யாரு இருக்கா? நானே வெச்சேன். கழுவும்போதுகூட மேல கையை வெக்கறதில்ல, அழிஞ்சிரும்னு. நல்லா இருக்குதா?"

ஆவி வெளியே வர வேண்டிய வழி அது என்று எனக்குத் தெரிந்தது. குழாய் முழுக்க அடைபடவில்லை, ஓரத்தில் ஊசி போகிற அளவுக்குச் சந்து இருந்தது. 'அக்கா, அந்த இடத்தில் மட்டும் வைக்காதீங்க' என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்ற சட்டமும் கூடவே வந்தது. இதைக் கண்டுபிடித்து எழுதினால் முசே என்னை மெச்சுவார் என்ற நினைப்பும் வந்தது. இத்தனை வயதுக்கு மேல் இதை மறைத்து என்ன ஆகப் போகிறது, அந்த ஆசையும் இருந்தது.

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

கடைக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 'நடுக்குழாயின் மேலும் பொத்தான் மேலும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். வாய் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது.' அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, முசேயின் மேசையில் வைத்தேன். அவர் அன்று காலைதான் காரைக்கால் போயிருந்தார், சனிக்கிழமை வருவார். அந்த வாரத்தில் அந்தத் தெருமுனையை நான் இரண்டு முறை சைக்கிளில் கடந்தேன். இறங்கவில்லை. பார்வை நாள் பன்னிரண்டாம் நாள்தான் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் ஏறியது. சனிக்கிழமை காலை அந்தத் தெரு ஆள் ஒருவர் கடை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "உங்க பானை வெடிச்சிருச்சு. அந்தம்மா வெந்துபோச்சு" என்றார்.

நான் போனபோது கூரையில் மூடி போன வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பருப்பு. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது கை முழங்கையிலிருந்து தோள் வரை, அங்கிருந்து கழுத்துப் பக்கம் வெந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். அவளுக்குப் போட்ட கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்ஸ் வந்து என்னைத்தான் நோயாளி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் முசே வந்தார். காரைக்கால் பஸ்ஸிலிருந்து நேரே கடைக்குப் போய், நோட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். கால்சட்டையெல்லாம் பாதைப் புழுதி. வராந்தாவில் என்னை நிறுத்தி நோட்டைத் திறந்து காட்டினார்.

"இது எந்தக் கிழமை எழுதினது?"

"திங்கக்கிழமை முசே."

"அந்தம்மாகிட்ட ஏன் சொல்லலே?"

"நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்க."

அவர் நோட்டை மூடினார். கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சட்டம் என்னுது மத்மசேல்" என்றார். "கண்ணு உன்னுது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் கடையைத் திறந்து மேசையில் உட்கார்ந்தார். கூரைமேலிருந்து எடுத்துவந்த மூடியை வெள்ளைத் துணியில் வைத்து, சட்டைப் பை ஊசியால் நடுக்குழாயைக் குத்தி எடுத்தார். ஒரு விரல்கடை நீளத்துக்குச் சந்தனம் வந்தது. அதன் அடியில் பருப்பு கெட்டித்திருந்தது. பொத்தானைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங். குழாய் அடைத்தால் இது தூக்கிக்கொண்டு ஆவியை விட வேண்டும். அதிலும் சந்தனம் இறங்கி இறுகியிருந்தது. டிராயரைத் திறந்து விளக்கப் புத்தகத்தை வெளியே எடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஒன்றைப் படித்து நான் பார்த்தது அன்றுதான். இங்கிலீஷில் 'சத்தம் வந்ததும் தீயைக் குறைக்கவும்' என்று இருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்து, "மரத்தூள் அடுப்புல தீயை எப்படிக் குறைக்கறது?" என்று கேட்டார். ஒரு தடவை மூட்டினால் உள்ளே திணித்த தூள் தீரும் வரை அது பாட்டுக்கு எரியும். ஊரில் பாதி வீட்டில் அந்த அடுப்புதான்.

அந்த வாரமே ஏஜென்ட் வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஆள், பேச்சு தேன். "பாவம்தான், ஆனா வால்வு மேல யாரோ எதையோ பூசினா கம்பெனி என்ன சார் பண்ணும்? மத்த ரெண்டு வீட்லயும் ஒண்ணும் ஆகலையே. பயன்படுத்தினவங்க தவறுன்னு உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி இருந்தா போதும். அடுத்த மாசம் ஐம்பது குக்கர் இறக்கிடறேன்" என்றார். முசே என்னைக் கூப்பிட்டு டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். "பார்த்ததை அடி. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார்.

இங்கிலீஷில் அடித்தேன். அதன் சாரம் இதுதான். இந்த ஊரில் புதிதாக வீட்டுக்கு வரும் பாத்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், தையல் மெஷினுக்கு வைப்பார்கள், சைக்கிளுக்கு வைப்பார்கள், குக்கருக்கும் வைப்பார்கள். பொட்டு வைத்தால் வெடிக்கும் பாத்திரம் இந்த ஊருக்கு ஆகாது. தீயைக் குறைக்க முடியாத அடுப்புகள் இங்கே இருக்கின்றன. கடைசியில் இன்னொரு வரியும் அடித்தேன்: சோதனை பார்த்தவள் ஐந்தாம் நாளே இதைப் பார்த்தாள், பயன்படுத்துகிறவரை எச்சரிக்கவில்லை.

ஏஜென்ட் படித்தார். "இந்தக் கடைசி வரி உங்களுக்கே நல்லதில்லையே" என்றார். முசே, "அதான் நிஜம்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குக்கர் விற்கும் உரிமை வேறு கடைக்குப் போனது. பின்னால் வந்த குக்கர்களில் பொத்தானின் உருவம் மாறியிருந்தது. எங்கள் காகிதத்தாலா, வேறு எங்காவது யாராவது வெந்ததாலா, தெரியாது. ஆஸ்பத்திரிச் செலவையும் கூரை ஓட்டையும் முசே பார்த்துக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த இரண்டாம் சட்டத்தின் கீழ், 'உயிருக்கு ஆபத்தென்றால் வாயைத் திற' என்று தன் கையால் எழுதினார். எழுதிவிட்டு, "அந்தம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். பார்த்தது நீ" என்றார்.

ரிப்போர்ட்டில் ஒப்புக்கொண்டது வீரம் என்று அதுவரை உள்ளுக்குள் கொஞ்சம் நினைத்திருந்தேன். தனபாக்கியம் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு மாதம் கழித்து அவள் வீடு திரும்பினாள். ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நாலாம் தடவை போனபோது அடுப்பு எரியவில்லை. மணி பத்தரை. தூக்குகள் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தன.

"கை இன்னும் வரலியாக்கா?"

"கை வந்துருச்சு. ஆளுதான் வரல. ஒருத்தரும் சோறு வேணாம்னுட்டாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எதிர்வூட்டு கோவிந்தம்மா ஊரெல்லாம் சொல்லிட்டா. தாலி அறுத்தவ கையால குங்குமம் வெச்சா வெடிக்காம இன்னா பண்ணும்னு. அவ சொல்றதுல இன்னா தப்பு? நாலு வருஷமா நான் குங்குமத்தைத் தொட்டதில்ல. அன்னிக்கு ஒரு ஆசை. லட்சுமி வந்திருக்காளேன்னு. என் கை பட்டதும் வெடிச்சிருச்சு. இந்தக் கையால ஆக்கின சோத்தை எவன் தின்னுவான்?"

வெந்து தோல் உரிந்த கையை அவள் என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். சுட்ட வலியைவிட அந்தக் கையின்மேல் அவளுக்கே வந்திருந்த வெறுப்பு பெரிதாக இருந்தது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"குங்குமம் இல்லக்கா. சந்தனம். அந்தக் குழாய் வழியாத்தான் ஆவி வெளிய வரணும். சந்தனம் காஞ்சு அடைச்சுக்கிச்சு. சுமங்கலி வெச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும். கோவிந்தம்மா வெச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும். எங்க முசே ஊசியால குத்தி எடுத்தாரு, நான் கண்ணால பார்த்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அது மட்டுமில்லக்கா. அன்னிக்குத் திங்கக்கிழமையே நான் பார்த்தேன். அடைக்குதுன்னு தெரிஞ்சுது. சொல்லல."

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "நல்லா இருக்குதான்னு கேட்டேனே" என்றாள்.

"ஆமா."

"நல்லா இருக்குதுன்னியே."

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து இடது கையில் குடத்தை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள். தெருக்கோடிக் குழாயடியில் தண்ணீர் வரும் நேரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், கோவிந்தம்மாவும் இருந்தாள். தனபாக்கியம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நடுவில் நிறுத்தினாள்.

"என்கிட்ட சொன்னதை இப்ப சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றாள். மறுபடி சொன்னேன். குழாய், சந்தனம், பொத்தான், திங்கட்கிழமை, எல்லாம். கோவிந்தம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பார்த்துட்டா சும்மா வந்தே? ஏன்டி, வாயில இன்னா வெச்சிருந்தே?"

"சொல்லக் கூடாதுன்னு எங்க கடையில சட்டம்."

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். ஒரு பெரியம்மா, "படிச்ச பொண்ணாம்" என்றாள். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியதுதான். தனபாக்கியம் அதில் எதையும் காதில் வாங்கவில்லை. கோவிந்தம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு, "கேட்டுச்சா?" என்றாள். கோவிந்தம்மா குடத்தைக் குனிந்து பார்த்தாள். தனபாக்கியம் குடம் நிறையும் வரை நின்று, இடது இடுப்பில் தூக்கி வைத்தாள். "மில்லு கேட்டுல போய் அந்தப் பதினாலு பேருகிட்டயும் இதையே சொல்லு. நான் நாளைக்கு அடுப்பு மூட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டு மணிச் சங்குக்கு மில் கேட்டில் நின்று, ஒவ்வொருவராகக் கேட்டுப் பிடித்துச் சொன்னேன். அந்த வாரத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். மீதிப் பேர் தீபாவளிக்குள் வந்தார்கள். அவள் மறுபடி உப்புத் தண்ணீரில் இரண்டரை மணி நேரம் பருப்போடு மல்லுக்கு நின்றாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவளுக்குக் கிடைத்திருந்த அந்தப் பத்து மணியை நான் அல்லவா பிடுங்கினேன்?

இனி நம் சாமான் அந்த வீட்டு வாசல்படி ஏறாது என்று முசேயிடம் சொன்னேன். "கேட்டுப் பாரு" என்றார். ஒரு வருஷம் கழித்து ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு போய் நின்றேன். அவள் அதைச் சுற்றிப் பார்த்தாள், பம்பை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். "வெச்சுட்டுப் போ" என்றாள். ஐந்தாம் நாள் போனேன். ஸ்டவ் எரிவதைப் பார்த்தேன், நேற்று என்ன சமையல் என்று கேட்டேன், எழுதிக்கொண்டேன். எழுந்து வாசலைத் தாண்டப் போனபோது குறுக்கே வந்து நின்றாள்.

"பார்த்ததைச் சொல்லிட்டுப் போ."

"ஸ்டவ்வு நல்லா எரியுதுக்கா. ஆனா பக்கத்துல சாக்குத் துணி கிடக்குது, அதை எடுத்துருங்க. எண்ணெய் ஊத்தும்போது அணைச்சுட்டு ஊத்துங்க."

"அப்புறம்?"

"கூரையில மாத்தின ஓடு ஒண்ணு நகர்ந்திருக்குது. மழைக்கு ஒழுகும்."

"அப்புறம்?"

அவள் நகரவில்லை. வலது கை நிலைக்காலில் இருந்தது. முந்தானை விலகியிருந்தது. இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

"தழும்பு" என்றேன்.

"ம். போய்ட்டு வா" என்று வழி விட்டாள்.